ரோஜாவுக்குக் குளிர்கால மூடாக்கு: எதைப் போடலாம், எப்போது போடலாம்?

மண் உறையும் அளவுக்குக் குளிரும் இடத்தில் ரோஜாவின் அடிமண்ணை மூட (இதுதான் மூடாக்கு) வைக்கோல் போடுவதா, சருகா, மரப்பட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் நான் மேப்பிள் சருகை அள்ளிக் குவித்தேன். அதுவும் ஒரு உறைபனிகூட விழாத நேரத்தில். செடிக்குக் குளிருமே என்ற பதற்றம்! வசந்தத்தில் விலக்கிப் பார்த்தால், சருகெல்லாம் நனைந்த சாக்கு மாதிரி படிந்து கிடந்தது. அடியில் எலி குடித்தனம். தண்டுப் பட்டையைச் சுற்றிக் கொறித்து வைத்திருந்தது.

மூடாக்கு மண்ணைச் சூடாக வைக்கும் என்று நினைத்ததுதான் தப்பு. மண் ஒரே சீராகக் குளிர்ந்து கிடக்கத்தான் அதைப் போடுகிறோம். பகலில் இளகி இரவில் உறைந்து கொண்டே இருந்தால், மண் உப்பி வேரையே மேலே தள்ளிவிடும். அதனால் நாலைந்து கடும் உறைபனி விழுந்து, மேல்மண் இறுக ஆரம்பித்த பிறகு போடுங்கள். எலியும் அதற்குள் வேறு இடம் பார்த்திருக்கும்.

ஒட்டுச்செடி (ஒரு செடியின் வேர்ப்பகுதியில் வேறு ரகத்தை ஒட்டி வளர்த்தது) என்றால், இரண்டும் சேரும் ஒட்டுப்பகுதியைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். அது செத்தால் வேர் கொடுத்த அடிச்செடி துளிர்த்து, நீங்கள் வைக்காத பூ பூக்கும். மட்கு உரமோ மண்ணோ தண்டைச் சுற்றி 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு அணையுங்கள். மண்ணை வேறு இடத்திலிருந்து கொண்டு வாருங்கள். செடியடியில் சுரண்டினால் வேர் வெளியே வந்துவிடும்.

அதன்மேல் போட என் தேர்வு பைன் ஊசியிலை. நனைந்தாலும் படியாது, காற்றோட்டம் இருக்கும். கிடைக்காவிட்டால் ஓக் சருகு, வைக்கோல், மரப்பட்டைத் துண்டு எல்லாம் சரிதான். காய்ந்த புல்லில் களை விதை இருக்கும், வேண்டாம். மரத்தூள் இறுகிப் போகும். காற்று பலமாக அடித்தால் செடியைச் சுற்றிக் கம்பிவலை கட்டிவிட்டு உள்ளே நிரப்புங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. போடும் முன் உதிர்ந்த ரோஜா இலைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கரும்புள்ளி நோய் அவற்றில் குளிர்காலத்தைக் கடத்தும்.

வசந்தத்தில் மொட்டு உப்பத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள், கையால்தான். மண்வெட்டியை வைத்து நான் இரண்டு இளந்துளிர்களை ஒடித்திருக்கிறேன்.