ஒன்றரை ஷிப்ட்டுக்கு நடுவே ஆன்லைன் யாவாரம்: கேள்வி பதில்

வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் விற்கப் பழகுகிறவர்கள் நேரம் பற்றிக் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

திருப்பூருங்கக்கா. பனியன் கம்பெனியில் செக்கிங். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர ராத்திரி ஒன்பது. நைட் பேன்ட் விற்கலாம்னு இருக்கேன், பழகறதுக்கு நேரமே இல்லைங்க.

ராத்திரியை விட்டுடுங்க. நாளெல்லாம் நின்ற உடம்பு வீடியோவைப் பார்க்கும், மண்டையில் ஏறாது. வெள்ளென அஞ்சேகாலிலிருந்து ஆறு வரைக்கும் வாரத்தில் 4 நாள், ஞாயிற்றுக்கிழமை 3 மணி நேரம். மொத்தம் 6 மணி நேரம் ஆச்சு. அதில் பாடம் கேட்க 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாங்க, மீதி செய்து பார்க்க. போட்டோ பாடம் பார்த்தீங்கன்னா, அடுத்த பாடத்துக்கு முன்னாடி ஒரு பேன்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், துணியின் நெருக்கம், அளவு டேப் வைத்த இடுப்பு என 4 படம் எடுத்து முடித்திருக்கணும்.

முதல் மாதம் ஒரே டிசைன், 3 சைஸ் போதும். காதர்பேட்டை பனியன் சந்தையில் மலிவாகக் கிடைக்குதுன்னு 10 டிசைன் தூக்கிட்டு வந்தால் 30 வகை ஸ்டாக்கை எண்ணணும். அதிலேயே ஞாயிறு போயிடும்.

சென்னிமலை, பெட்ஷீட். பொழுதன்னிக்கும் வாட்ஸ்அப்பில் விலை கேட்டு வருதுங்க. பதில் போட்டால் தறி நிக்குது, போடாட்டி ஆள் போயிடறாங்க.

வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறிக்குங்க. அதில் சாமான் படங்களை அடுக்கி வைக்கிற கேட்லாக்கில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே விலை, நீள அகலம் அங்குலத்தில், எடை, சாயம் போகுமா போகாதா எல்லாம் எழுதிடுங்க. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்குக் குவிக் ரிப்ளைன்னு பதிலை முன்னாடியே எழுதிப் போட்டு வைத்தால், சாய்கோடு (/) தட்டியதும் பதில் தயார். தறியில் இருக்கும் நேரத்துக்கு, தானாகவே போகிற அவே மெசேஜ்: "காலை 7, மதியம் 1.30, இரவு 8.30க்குப் பதில் வரும்." விரைவில் பதில் தருவோம்னு மட்டும் எழுதாதீங்க. கேட்கிறவருக்கு விரைவில்னா அஞ்சு நிமிஷம்.

கவுந்தப்பாடிங்க, நாட்டுச்சர்க்கரை. நாளுக்கு ஆறேழு ஆர்டர்தான், பேக்கிங் முடிய ராத்திரி பன்னெண்டு ஆகுது.

ஒவ்வொரு ஆர்டரையும் தனித்தனியா எடை போட்டு, ஒட்டி, முகவரி எழுதினால் கத்திரியும் டேப்பும் தேடற நேரம்தான் ஜாஸ்தி. ஒட்டுக்கா செய்யுங்க. ஞாயிற்றுக்கிழமையே அரைக்கிலோ பொட்டலம் 40 கட்டி சீல் வச்சிடுங்க. மழைநாளில் திறந்து போட்டால் ஈரம் இழுத்துக் கட்டியாயிடும்.

பெட்டி இரண்டே அளவு போதும், ஆனா சாமானுக்குப் பொருந்தணும். பெரும்பாலான கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, அதுக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதுக்குக் காசு. 30×25×15 பெட்டியில் ஒரு கிலோ போட்டாலும் 2.25 கிலோவுக்குக் கட்டணம்.

கூரியர் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்னு கேட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணி ஆர்டர் கெடு வையுங்க. கெடு தாண்டி வந்தது மறுநாளுக்கு. டேப் ஒட்டறதுக்கு முன்னாடி பின்கோடு 6 இலக்கம், போன் 10 இலக்கம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. திரும்பி வர்ற பார்சல் ஒண்ணே அரைநாளைத் தின்னுடும்.

15 ஆயிரத்துக்கு ஒரு கோர்ஸ் இருக்குங்க. சேரலாமா?

இன்னும் ஒரு ஆர்டரும் வரலைன்னா வேண்டாம்.

கோவை. சட்டை, பெங்களூருக்கும் போகுது. ஜி.எஸ்.டி. கணக்கு மாதாமாதம் இரண்டு ராத்திரி.

சனிக்கிழமைதோறும் 20 நிமிஷம். பில் எண், தேதி, மாநிலம், தொகை, வரி ஒரு ஷீட்டில் ஏறணும். திரும்பி வந்த சட்டைக்குத் தனிப் பத்தி. அதுக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழிக்கிற சீட்டு) போட மறந்தால் விற்காத சாமானுக்கும் வரி கட்டுவீங்க. மாத ரிட்டர்ன்னா விற்பனை விவரம் காட்டுகிற ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி, வரி கட்டுகிற ஜி.எஸ்.டி.ஆர்-3பிக்கு 20ஆம் தேதி கடைசி. விற்பனையே இல்லாட்டியும் ரிட்டர்ன் போடணும். வாங்கினதும் எதுவும் இல்லைன்னா அது நில் ரிட்டர்ன், அதை எஸ்.எம்.எஸ்.ஸிலேயே அனுப்பலாம்.

தீபாவளிக்கு எப்பப் புடிச்சுத் தயாராகணும்க்கா?

துணி ஆடியிலேயே வாங்கிடுங்க. தையல் ஆவணியில், அயர்னும் பேக்கிங்கும் பாதிப் புரட்டாசிக்குள். தீபாவளி நெருங்கினால் வெளியூர்த் தையல்காரங்க ஊருக்குக் கிளம்பிடுவாங்க, முடிஞ்ச பிறகும் நாலைஞ்சு நாள் ஜாப் ஒர்க் எதுவும் நடக்காது. சைஸ் மாத்திக் கேக்கறவங்களுக்குக் கொடுக்க எம்மிலும் எல்லிலும் பத்துக்கு ஒண்ணு கூடுதலா எடுத்து வச்சுக்குங்க.