கேதம் கேட்கப் போனால் கேட்டுவிட்டு வாருங்கள்

தேவகோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் அன்பியத்திலிருந்து (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு), கணவரை இழந்த ஒரு சகோதரியைப் பார்க்கப் போயிருந்தோம். வசனம் சொன்னேன், ஜெபித்தேன். கிளம்பும்போது அவர், 'கடைசியா வெள்ளைப் பணியாரம் கேட்டாரு அக்கா. அதைச் சொல்லலாம்னு பார்த்தேன்' என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் எங்கே தவறினேன்?"

சகோதரி, துக்கம் விசாரிக்கப் போவதை உங்கள் பக்கத்தில் 'கேதம் கேட்கப் போறோம்' என்றுதானே சொல்கிறீர்கள்? கேட்கத்தான் போகிறோம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்ததுமே நாம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அழுகிறவர் முன்னால் சும்மா இருப்பது நமக்குச் சங்கடமாக இருக்கிறது, அதனால்தான்.

விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு பகல், ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுளே அவர்கள் மேல் சினம் கொண்டார் (யோபு 42:7).

எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு இயேசுவைக் கூப்பிட்டுக் கத்தியபோது கூட்டம் அவரை அதட்டியது. இயேசு நின்றார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். ஆனாலும், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர் வாயாலேயே சொல்ல இடம் கொடுத்தார்.

அந்தப் பணியாரத்துக்குள் 'நான் சுட்டுக் கொடுக்கவில்லையே' என்ற குற்ற உணர்வு இருக்கலாம். இல்லை, கேட்டதும் சுட்டுக் கொடுத்த நிறைவாகவும் இருக்கலாம். அவர் சொன்னால்தான் தெரியும்.

கேட்பதை வீட்டு ஜெபத்திலேயே பழகுங்கள். நாம் பெரும்பாலும் மன்றாட்டுகளை வரிசையாகச் சொல்லி, ஆமென் என்று எழுந்துவிடுகிறோம். கடவுள் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் "பேசும், உம் அடியேன் கேட்கிறேன்" என்றான். அப்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்குப் பழகினால், அடுத்தவர் பேச்சை நிறுத்தும்போது உடனே நிரப்பத் தோன்றாது. பாதிப் பேர் முக்கியமானதை அந்த இடைவெளிக்குப் பிறகுதான் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர் சொல்வதை அடுத்த அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டு என்ற பெயரில் வெளியே விடாதீர்கள்.

இந்த வாரமே போங்கள், தனியாக. செல்போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள். அவர் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். அப்புறம், "அன்னைக்குப் பணியாரத்தைப் பத்திச் சொன்னீங்களே, நான் சரியாக் கேட்கல. இப்பச் சொல்லுங்கம்மா" என்று சொல்லுங்கள்.