பொலிஸ் நிலையத்துக்கு இரண்டு கொப்பிகளுடன் போங்கள்

கேள்வி: திருகோணமலையில் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கி இரண்டு வருடங்கள் ஆகின்றன. கைதானவர்களைப் பார்க்க அடிக்கடி இரவில் பொலிஸ் நிலையம் போகிறேன். அங்கே எதைக் குறித்துக்கொள்வது, அந்தக் குறிப்பை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: அந்த இரவில் நடந்தவை பொலிஸாரின் தகவல் புத்தகத்தில் அவர்களுடைய கையெழுத்தில் பதிவாகும். அதற்கு எதிரே வைக்க வேறொரு எழுத்து இருக்குமானால், அது பெரும்பாலும் உங்கள் குறிப்பு மட்டும்தான்.

முதலில் நேரம். பிடியாணையின்றிக் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. புல்மோட்டையிலிருந்து நகரத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பயணத்தைக் காட்டித் தாமதத்தை நியாயப்படுத்த இடமுண்டு. ஆகவே "இரவு கைது" என்று எழுதாதீர்கள். வீட்டார் சொல்லும் நேரம், பொலிஸார் சொல்லும் நேரம், நீங்கள் வாசலில் கால்வைத்த நேரம், கட்சிக்காரரைக் கண்ட நேரம் என நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் பல வழக்குகளின் உயிர் இருக்கிறது.

அடுத்தது, நான் பிந்திக் கற்றுக்கொண்டது. ஒரு கொப்பியில் நீங்கள் கண்ணால் கண்டவை மட்டும் இருக்கட்டும்: காயம் எந்தப் பக்கம், என்ன நிறம், எத்தனை விரற்கடை நீளம், நடக்க முடிகிறதா, உடையில் இரத்தம் இருக்கிறதா. மற்றக் கொப்பியில் கட்சிக்காரர் உங்களிடம் சொன்னவை. சொன்னவற்றுக்குச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கண்டவற்றையோ நாளை ஒரு சத்தியக் கடதாசியில் நீங்களே சொல்ல வேண்டி வரலாம். இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தால், ஒன்றைக் காட்டப்போய் மற்றதையும் திறந்துவிடுவீர்கள். அப்படிச் சாட்சியாகும் நிலை வந்தால் வழக்கை இன்னொரு சட்டத்தரணியிடம் ஒப்படைப்பதே முறை. இதற்காகவே இயன்றவரை ஒரு கனிஷ்ட சட்டத்தரணியைக் கூட்டிச் செல்லச் சொல்கிறேன்.

தொழிலின் ஆரம்ப நாட்களில் ஒருவரின் தோளில் காயத்தைக் கண்டுவிட்டு மறுநாள்தான் எழுதினேன். இடதா வலதா என்று நீதிவான் கேட்டபோது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் கூண்டிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அங்கேயே எழுத விடாவிட்டால், வெளியே வந்து வாகனத்தில் ஏறுமுன் எழுதுங்கள். சம்பவத்தோடு ஒட்டி எழுதிய குறிப்பைப் பார்த்துச் சாட்சி நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது, தமிழில் வாசித்துக் காட்டினார்களா, கையொப்பம் வாங்கினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சிங்களத்தில் எழுதிய தாளில், விளங்காமல் ஒப்பமிட்ட எத்தனையோ பேரை இந்த மாவட்டத்தில் சந்தித்திருக்கிறேன். எழுதியவரின் பதவியும் முக்கியம். சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் எதிராகச் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்தது செல்லக்கூடும். அன்று கட்சிக்காரரை வெளியே எங்காவது கொண்டுபோனார்களா, ஏதும் மீட்டதாகச் சொல்கிறார்களா என்பதையும் விடாதீர்கள். அவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தது என்றால், அந்தப் பகுதி சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி சாட்சியமாகலாம்.

பார்க்க விடவில்லையா? சட்டத்தரணிகள் பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கென 2012இல் வர்த்தமானியில் விதிகள் வெளியாகியுள்ளன. அவற்றைச் சொல்லிப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தவரின் பெயர், இலக்கம், சொன்ன காரணம், நேரம் எல்லாம் முதற் கொப்பிக்குரியவை.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிடப்படாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்போடு சேர்த்து வையுங்கள்.

கொப்பி பக்க எண் இட்டதாக இருக்கட்டும், தாள் கிழிக்க வேண்டாம். பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டி ஒப்பமிடுங்கள். படமெடுத்து வட்ஸ்அப்பில் யாருக்கும், கட்சிக்காரரின் வீட்டாருக்கும்கூட, அனுப்பாதீர்கள்.