கோணலாக நிற்கும் பங்குக் கோயில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரீஸில் பாந்தியோனுக்குப் பின்புறம் இருக்கும் சேந்த்-எத்தியேன்-துய்-மோன் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சில ஐயங்கள். வாசலில் நின்று பீடத்தை நோக்கினால் கட்டடம் நடுவழியில் ஒரு பக்கமாக ஒடிவது தெரிகிறது. சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்ததைக் குறிக்கத்தான் அப்படிக் கட்டினார்கள் என்றார் வழிகாட்டி. உண்மையா? பீடத்துக்கு முன்னால் குறுக்கே போகும் கல்பாலம் எதற்கு? இந்தக் கட்டடம் கோதிக்கா, மறுமலர்ச்சிப் பாணியா? முகப்பில் ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் கறுத்தும் இருப்பது ஏன்?

எஸ்.
காரைக்கால்

அன்புள்ள எஸ்.,

தலை சாய்ந்த கதை பிரான்ஸில் கோணலான தேவாலயம் எங்கே இருந்தாலும் சொல்லப்படுவது. அழகான கதைதான், ஆனால் இங்கே அது தேவையில்லை. இது ஒரு பங்குக் கோயில், அதாவது ஒரு வட்டார மக்கள் வழிபடுவதற்கான கோயில். அதுவும் பெரிய மடத்தின் சுவரை ஒட்டி வளர்ந்த பங்குக் கோயில். நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை அதிலேயே இருக்கிறது.

தேவாலயம் நிற்கும் குன்றின் மேல் முதலில் இருந்தது புனித ஜெனவியேவ் மடம். சுற்றியிருந்த மக்கள் மடத்தின் கோயிலிலேயே வழிபட்டார்கள். கூட்டம் பெருகவே, 1222-இல் போப் மூன்றாம் ஹொனோரியுஸ் தனிப் பங்குக் கோயிலுக்கு அனுமதி தந்தார். அது முடியப்பர் (பிரெஞ்சில் எத்தியேன்) பெயரில் எழுந்தது. அப்போதும் தெருவிலிருந்து அதற்குத் தனி வாசல் கிடையாது; மடத்தின் கோயிலுக்குள் புகுந்துதான் போகவேண்டும். கல்லூரிகள் பெருகி அந்தக் கோயிலும் போதாமல் ஆனபோது, மடம் தன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தது. 1490-களில் புதிய கட்டடம் தொடங்கியது.

வேலை கிழக்கே பீடத்தின் பக்கம் ஆரம்பித்து மேற்கே வாசலை நோக்கி நகர்ந்தது. பீடப்பகுதி 1537-இல் முடிந்தது. நடுக்கூடம் எழ அந்த நூற்றாண்டின் பிற்பகுதி ஆயிற்று. முகப்புக்கு 1610-இல் அடிக்கல் நாட்டியவர் அரசி மார்கரித் த வலுவா. அர்ச்சிப்பு, அதாவது கோயிலை வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கும் சடங்கு, நடந்தது 1626-இல். தெற்கே மடத்தின் கோயில் நின்றது, அதை அசைக்க முடியாது. பழைய கட்டடத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டே, வழிபாடும் நிற்காமல், கிடைத்த நிலத்துக்குள் சுமார் 69 மீட்டர் நீளத்துக்குக் கட்டிக்கொண்டு போனால் அச்சு நேர்கோட்டில் நிற்பது அரிது. தெற்குப் பக்கம் இன்று வெளியாக இருப்பதால் இது நமக்குப் புலப்படுவதில்லை. மடத்தின் கோயிலை 1807-இல் இடித்து அங்கே க்ளோவிஸ் தெருவைப் போட்டார்கள். எதிரே நான்காம் ஹென்றி பள்ளி வளாகத்துக்குள் நிற்கும் க்ளோவிஸ் கோபுரம் அந்தக் கோயிலின் மிச்சம். கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவே நின்று பாருங்கள், நெருக்கடி புரியும்.

கோதிக்கா மறுமலர்ச்சியா என்பதற்கும் இதே வரிசையில் விடை தேடலாம். பீடப்பகுதியில் தூண்களுக்கு இடையிலான வளைவுகள் கூர்முனை கொண்டவை. நடுக்கூடத்துக்கு வந்தால் அரைவட்டம். முகப்பில் நெற்றிபோல் அமைந்த முக்கோண முகடு, அதன் மேல் வளைந்த முகடு, உச்சியில் செங்குத்தான முக்கோணம் என மூன்று அடுக்கு. கூர்வளைவு கோதிக்கின் அடையாளம், அரைவட்டம் மறுமலர்ச்சியின் அடையாளம். ஆனால் கட்டடத்தின் எலும்புக்கூடு முழுக்கக் கோதிக்தான். மேலே போர்த்திய செதுக்கு வேலைதான் காலத்தோடு மாறியது. குறுக்குக்கூடம் நடுக்கூடத்தை வெட்டும் இடத்தில் விதானத்திலிருந்து ஐந்தரை மீட்டர் அளவுக்குக் கீழிறங்கும் முடிக்கல்லை (வளைவுகள் கூடும் உச்சிக் கல்லை) கவனித்திருப்பீர்கள். ஆடம்பரம் என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். கூர்வளைவின் பக்கங்களில் சுமை ஏறினால் உச்சி மேலே எழும்பப் பார்க்கும். உச்சியில் இருக்கும் கனமான கல் அதை அழுத்திப் பிடிக்கும்.

இன்னொன்று, பக்கக்கூடங்களின் உயரம். பெரும்பாலான கோதிக் கோயில்களில் அவை தாழ்ந்திருக்கும். நடுக்கூடத்துக்கு வெளிச்சம் மேல் ஜன்னல்களிலிருந்து வரும். இங்கே பக்கக்கூடங்கள் மிக உயரம், அவற்றின் நெடிய ஜன்னல்கள் வழியாகவே வெளிச்சம் நடுவரை வந்துவிடுகிறது. தூண்களின் பாதி உயரத்தில் கைப்பிடிச்சுவரோடு ஒரு குறுகிய நடைபாதை ஒவ்வொரு தூணையும் சுற்றி வளைந்து ஓடுகிறது.

அந்த நடைபாதைக்கு ஏறும் படிகள் நீங்கள் கேட்ட பாலத்தின் படிகளேதான். பாலத்தின் பெயர் ஜூபே. 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வேலை. பீடப்பகுதியையும் மக்கள் நிற்கும் கூடத்தையும் பிரிப்பது அதன் வேலை. திருப்பலியின்போது நிருபமும் (திருத்தூதர்களின் கடிதங்கள்) நற்செய்தியும் அதன் மேலிருந்து வாசிக்கப்பட்டன; பாடகர்களும் அங்கே நிற்பார்கள். பங்கு மக்களுக்கு வாசகம் காதில் விழ அதுதான் வழி. கத்தோலிக்கத் திருச்சபையைச் சீர்திருத்தக் கூடிய 16-ஆம் நூற்றாண்டின் திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு, பீடம் எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது, ஜூபேக்கள் ஒவ்வொன்றாக இடிபட்டன. லூவர் அருகே சேன்-ஜெர்மேன்-லோக்செருவா தேவாலயத்தில் பியேர் லெஸ்கோ வடிவமைத்து ழான் கூழோன் செதுக்கிய ஜூபே 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் போயிற்று. அதன் புடைப்புச் சிற்பங்கள் சில லூவரில் இருக்கின்றன. பாரீஸில் இன்று நிற்பது இது ஒன்றே. இது பிழைத்ததற்குப் பெரிய காரணம் வடிவம் என்பது என் கணிப்பு. மற்றவை சுவர்போல் மறைத்தன. இது ஒரே தட்டையான வளைவு. கீழே பீடம் அப்படியே தெரிகிறது. தட்டையான வளைவு பக்கவாட்டில் பலமாகத் தள்ளும். இருபுறமும் பெரிய தூண்கள் இருப்பதால்தான் அவ்வளவு மெல்லிய வளைவு நிற்கிறது. அந்தத் தூண்களையே சுற்றித்தான், பின்னல்போல் துளையிட்ட கைப்பிடியோடு படிகள் ஏறுகின்றன.

முகப்பின் கறை. பாரீஸ் கல் சுண்ணாம்புக்கல். நிலக்கரிப் புகையின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக்கும், அதில் கரி சிக்கிக்கொள்ளும். மழை நேராக அடிக்கும் இடத்தில் அது கழுவிப் போய்விடும், ஆகவே வெளுப்பு. சுவர்ப்பிதுக்கத்துக்கு அடியில் மழை படாது, அங்கே பொருக்காகக் கறுக்கும். பொருக்கு உரியும்போது கல்லின் தோலும் கூடவே வரும். அழுத்தமாக மணல் அடித்துச் சுத்தம் செய்தால் தோலை நாமே உரித்துவிடுகிறோம். சிமென்ட் பூசி இணைப்பை அடைப்பது இன்னும் கெடுதல்: ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லுக்குள்ளேயே தங்கிக் கல் பொடியும். சுண்ணாம்புக் காரைதான் பொருத்தம். முகப்பின் சிலைகளைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கவேண்டாம்; பிரெஞ்சுப் புரட்சியில் உடைந்தவற்றுக்குப் பதிலாக 19-ஆம் நூற்றாண்டில், கட்டடக்கலைஞர் விக்தோர் பல்தார் மேற்பார்வையிட்ட சீரமைப்பின்போது வைத்தவை.

மறுபடி போனால் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய சுற்றுமண்டபத்தைத் தவறவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கண்ணாடி ஓவியங்கள் பன்னிரண்டு அங்கே கண் மட்டத்தில் இருக்கின்றன. பழைய ஜன்னல்களில் துண்டு துண்டான வண்ணக் கண்ணாடியை ஈயத்தால் கோத்திருப்பார்கள். இங்கே வெள்ளைக் கண்ணாடி மேலேயே எனாமல் வண்ணம் (கண்ணாடித் தூள் கலந்த சாயம்) தீட்டிச் சுட்டிருக்கிறார்கள். அதனால்தான் திராட்சை பிழியும் ஆலையில் இயேசுவைக் காட்டும் ஓவியத்தில் முகங்களும் ஆடை மடிப்புகளும் அவ்வளவு நுணுக்கம். எனாமலின் பலவீனம் ஈரம்: உள்பக்கம் நீர் பூத்தால் அது செதில் செதிலாக உதிரும். பக்கவாட்டில் சாய்ந்து நின்று பார்த்தால் வண்ணம் எங்கே உதிர்ந்திருக்கிறது என்று தெரியும். நீலத்தில் முதலில் தேடுங்கள்.