வலது, இடது, மேலே: லே-அப் பற்றி வாசகர் கேள்விகள்

? என் மகளுக்குப் பத்து வயது. ஆறு மாதமாகப் பாஸ்கெட்பால் ஆடுகிறாள். லே-அப் (ஓடி வந்து எம்பி, ரிங்குக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது) போகும்போது ரிங்குக்கு நேர் கீழே போய்விடுகிறாள். பந்து போர்டில் மோதி எங்கேயோ பறக்கிறது. எங்கே தவறு?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

முதலில் பந்தைப் பாருங்கள். பெரியவர்களின் ரிங் 3.05 மீட்டர் உயரம். மினி பாஸ்கெட்பாலில் அது 2.60 மீட்டர்தான், பந்தும் 5-ஆம் எண். பத்து வயதுப் பிள்ளையிடம் 7-ஆம் எண் பந்தைக் கொடுத்தால், கையில் பலம் போதாமல் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வீசத்தான் செய்வாள். அந்த வீச்சு பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ரிங்கை இறக்க வசதியில்லை என்றால் பந்தையாவது மாற்றுங்கள்.

அடுத்தது காலடி. வலது கை லே-அப் என்றால் வலது, இடது, மேலே. இடது காலை ஊன்றி எம்பும்போது வலது முழங்கால் உயரும். அதோடு வலது தோளும் ஏறும். கை ரிங்கை நெருங்கும். இதை ஓட்டத்தில் சொல்லிக் கொடுத்தால் குழம்புவாள். பின்னாலிருந்து தொடங்குங்கள். டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) வேண்டாம். ரிங்குக்கு வலப்பக்கம், போர்டுக்கு 45 டிகிரி சாய்வில், ஓர் எட்டு தள்ளி நிற்கட்டும். இடது காலை மட்டும் முன்னே வைத்து, வலது முழங்காலைத் தூக்கிப் பந்தைப் போடட்டும். பத்துக்கு எட்டு தடவை பந்து விழுந்தால் இரண்டு காலடிக்குப் போகலாம். பிறகு ஒரே ஒரு டிரிபிள், பிறகு மெதுவான ஓட்டம். கால் மாறினால் ஒரு படி பின்னுக்கு வர வேண்டும். இரண்டு கால்களும் பதிய வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தால், ரிங்குக்குக் கீழே ஓடும் பழக்கமும் தானாகக் குறையும்.

பந்து பறப்பதற்குக் காரணம், ஓடி வந்த வேகம் முழுவதும் அதோடு சேர்ந்து போவதுதான். அதற்கு மேல் கையாலும் தள்ளினால் போர்டு திருப்பி அனுப்பிவிடும். முதல் எட்டு நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் இருக்கட்டும்; அந்தக் குட்டை எட்டில்தான் முன்னே பாயும் வேகம் மேலே திரும்பும். போர்டில் வரைந்த கட்டத்தின் வலது மேல் மூலையைப் பந்து மெல்லத் தொட்டால் போதும்.

? உள்ளங்கை ரிங்கைப் பார்த்து இருக்க வேண்டுமா, வானத்தைப் பார்த்து இருக்க வேண்டுமா? இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.
– ஒரு மாணவர், கரூர்

இரண்டும் சரி, வேலைதான் வேறு. உள்ளங்கை ரிங்கைப் பார்க்கும் ஓவர்ஹேண்ட் லே-அப்பில், பந்தை விடும்வரை இன்னொரு கை காவல் இருக்கும். டிஃபெண்டர் (தடுக்க வரும் எதிரணி ஆள்) தோளோடு ஒட்டி வரும்போது இதுதான் நம்பகமானது. ஃபாஸ்ட் பிரேக்கில் (எதிரணி திரும்பி வருமுன் பாயும் வேகத் தாக்குதலில்) தனியாக ஓடி வந்தால், உள்ளங்கை வானத்தைப் பார்க்கும் அண்டர்ஹேண்ட்: விரல்கள் பந்தைத் தள்ளாமல் விடுவதால் ஓட்ட வேகம் பந்தில் அவ்வளவாக ஏறாது. ஆனால் பந்து ஒரே கையில் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் ஆள் இருந்தால் தட்டிவிடுவார். இதன் தேர்ந்த வடிவம்தான் அமெரிக்க ஆட்டக்காரர் ஜார்ஜ் கெர்வின் பெயர் வாங்கிய ஃபிங்கர் ரோல். எங்கள் ஓட்டு: முதலில் ஓவர்ஹேண்ட்.

? 13 வயது மகன் யூரோ ஸ்டெப் போடுகிறான். ஒவ்வொரு தடவையும் ரெஃப்ரி டிராவல் விசில் ஊதுகிறார். இது விதிக்கு உட்பட்டதுதானே?
– ஒரு தந்தை, தூத்துக்குடி

உட்பட்டதுதான். ஒரு பக்கம் ஓர் எட்டு, உடனே மறுபக்கம் ஓர் எட்டு வைத்து டிஃபெண்டரைக் கடப்பது யூரோ ஸ்டெப்; பந்தைப் பிடித்தபடி அளவுக்கு மேல் எட்டு வைப்பது டிராவல். 1989-இல் என்.பி.ஏ.வுக்கு (அமெரிக்கத் தொழில்முறை லீக்) வந்த லிதுவேனியர் ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸ் அங்கே அறிமுகப்படுத்தி, பின்னர் அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி பரவலாக்கிய அசைவு இது. சர்வதேசப் பாஸ்கெட்பால் சம்மேளனமான ஃபீபா 2017 அக்டோபரில் கொண்டுவந்த விதிப்படி, ஓட்டத்தில் பந்து கைக்குள் அடங்கும் நொடியில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு இரண்டு எட்டு.

உங்கள் மகன் பெரும்பாலும் பந்தைச் சீக்கிரமே எடுத்துவிடுகிறான். செல்போனில் படம் பிடித்து, பந்து கைக்குள் அடங்கும் இடத்தில் நிறுத்தி, அப்போது தரையில் இருக்கும் காலை விட்டுவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். மூன்று வந்தால் ரெஃப்ரி சொன்னது சரி.

இன்னொரு பிழை, முதல் எட்டை நேராக வைப்பது. அது பக்கவாட்டில் அகலமாகப் போனால்தான் டிஃபெண்டர் அந்தப் பக்கம் நகர்வார். நகராதவர் மேல் இரண்டாவது எட்டு போய் மோதும், ஃபவுல் உங்கள் மகன் பெயரில் விழும். ஒரு நாற்காலியை நிறுத்தி, அதன் வலப்பக்கம் ஓர் எட்டு, இடப்பக்கம் ஓர் எட்டு என்று நடந்தே பழகட்டும். பந்தைப் பக்கம் மாற்றும்போது இடுப்பு உயரத்தில் வீசக் கூடாது, டிஃபெண்டரின் கை அங்கேதான் காத்திருக்கும். நெஞ்சோடு அணைத்தோ தலைக்கு மேலாகவோ கொண்டுபோகலாம்.

? நான் குள்ளம். லே-அப் போனாலே பிளாக் ஆகிறது (எதிரணி ஆள் எம்பிப் பந்தைத் தட்டிவிடுகிறார்). உயரத்துக்கு என்ன செய்வது?
– ஒரு கல்லூரி மாணவி, மதுரை

உயரத்தை விடுங்கள், நேரத்தை மாற்றுங்கள். பிளாக் செய்பவர் உங்கள் இரண்டாவது எட்டைக் கணக்கிட்டுத்தான் எம்புகிறார். வலது காலிலேயே எம்பி வலது கையால் போட்டால் ஓர் எட்டு முன்கூட்டியே பந்து போய்விடும். முதல் பதிலில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தவறு என்று திருத்தச் சொன்ன அதே கால்தான்! சரியான காலில் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்த பிறகே இதைத் தொடுங்கள்.

ரிவர்ஸ் லே-அப்பும் உங்களுக்கானது. ரிங்குக்கு அடியில் கடந்து மறுபக்கம் போட்டால் ரிங்கும் வலையும் நடுவில் நின்று பிளாக்கைத் தடுக்கும். போர்டின் முகத்துக்கும் எண்ட் லைனுக்கும் (ரிங்குக்குப் பின்னால் உள்ள ஆடுகள எல்லைக் கோடு) இடையே 1.20 மீட்டர்தான் இடம். அதனால் உள்ளே அதிகம் போய்விட்டால் பந்து போர்டுக்குப் பின்னாலோ ரிங்கின் அடியிலோ இடிக்கும். ரிங்கைக் கடந்தவுடன் எம்புங்கள், கண் போர்டைத் தேடட்டும்.

நெட்டையானவர் ரிங்கடியிலேயே நின்றால் அவரிடம் போகவே வேண்டாம். இரண்டு, மூன்று மீட்டர் முன்னாலேயே எம்பி, மணிக்கட்டை அதிகம் சொடுக்காமல் உயரமாகத் தூக்கிப் போடும் ஃப்ளோட்டர் போதும். பழக மாதக்கணக்கில் ஆகும்.

? இடது கை வரவே மாட்டேன் என்கிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

மைக்கன் டிரில் செய்யுங்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன் கல்லூரி நாட்களில் பழகியது. ரிங்குக்குக் கீழே நின்று வலப்பக்கம் வலது கையால் ஒன்று, பந்தைத் தரையில் விழவிடாமல் பிடித்து இடப்பக்கம் இடது கையால் ஒன்று. பந்து தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு பக்கத்துக்கு இருபதில் தொடங்குங்கள். இடது கையால் போடும்போது எம்புவது வலது காலில். பெரும்பாலும் கை வராததற்குக் காரணம் கால் மாறாததுதான்.