நடைமுறை இறையியலில் முனைவர் பட்டம்: ஓர் அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தையும், அதோடு உங்கள் மகன், ஒரு சேகரத்தின் (சில ஊர்ச் சபைகள் சேர்ந்த பகுதியின்) ஆயரான நம் தம்பி, தன் ஆய்வைப் பற்றி எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் படித்தேன். அவர் படிக்க விரும்புவது நடைமுறை இறையியல், அதாவது சபை ஊழியத்தில் நடப்பதை ஆராயும் இறையியல் பிரிவு. "சேகரத்தில் ஏழு வருடமாக நல்ல பேரோடு இருக்கிறான். 35 வயதில் மறுபடியும் படிக்கப் போகிறேன் என்கிறானே, எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். குருமனையில் (ஆயருக்குச் சபை தரும் வீட்டில்) இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது எந்த அப்பாவுக்கும் வருகிற பயம்தான் இது. ஆனாலும் தம்பி படிக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். இந்த ஜூனில் மட்டும் வேண்டாம். ஒரு வருடம் தயாராகிவிட்டுப் போகட்டும்.

முதலில் எந்தப் பட்டம் என்று தெளிவாகட்டும். தம்பி பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) முடித்திருக்கிறார். பல இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் தரும் அமைப்பான செராம்பூர் செனட்டில் முனைவர் ஆய்வில் சேர வேண்டுமானால் நடுவில் இரண்டு வருட எம்.டிஎச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) இருக்கிறது. அதன் பிறகுதான் ஆய்வு. இறையியல் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்பவர்களுக்கான வழி இது. டி.மின். (ஊழிய முனைவர் பட்டம்) வேறு வகை. சபையில் சில வருடம் உழைத்தவர்கள், அந்த உழைப்பையே ஆராய்ந்து எழுதுவதற்காக வந்த பட்டம். சேகரத்தை விடாமலே அதைப் படிக்கப் பெரும்பாலும் இடமுண்டு. தம்பிக்குப் பிரசங்க மேடையும் வீடு சந்திப்பும்தான் உயிர் என்றால் டி.மின். போதும். அதை மட்டமான பட்டம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

செராம்பூர் கல்லூரி 1818-இல் தொடங்கியது. 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனம் அதற்குப் பட்டம் தரும் உரிமையைக் கொடுத்தது. 1918-இல் வந்த செராம்பூர் கல்லூரிச் சட்டம்தான் இன்றைய செனட்டுக்கு அடிப்படை. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் இந்த செனட்டோடு இணைந்தவை. அரசுப் பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவவியல் துறை இருக்கிறது. இதை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆறு மாதத்தில், பணம் கட்டினால், பொன்னாடையோடு "டாக்டர்" பட்டம் தருகிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் வருகிறார்கள். உழைத்துப் படித்த ஊழியர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிற காரியம் அது. தம்பியை அந்தப் பக்கமே போக விடாதீர்கள்.

சரி, அந்த இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். தலைப்பு "21ஆம் நூற்றாண்டில் திருச்சபை ஊழியம்: சவால்களும் வாய்ப்புகளும்". ஆய்வை வழிநடத்தும் எந்த நெறியாளரும் இதை ஏற்க மாட்டார். இதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் பற்றி. கணவரின் உடல் ஃப்ரீசர் பெட்டியில் இருக்க, மகனின் விமானத்துக்காக இரண்டு நாள் காத்திருந்த ஒரு ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகவும், என்ன ஜெபிப்பது என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அண்ணாச்சி, அந்த நாலு வரிதான் அவருடைய ஆய்வு.

ரிச்சர்ட் ஆஸ்மர் என்ற அமெரிக்க இறையியலாளர் 2008-இல் வந்த தன் நூலில் நடைமுறை இறையியலின் வேலையை நான்கு கேள்விகளாகப் பிரித்தார். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், நாம் என்ன செய்யலாம். தம்பியின் சேகரத்தில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர், வாரநாளில் அவர்கள் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பது முதல் கேள்வி. இடம்பெயர்வு, நிலம், குடும்ப அமைப்பு பற்றிய சமூகவியல் நூல்கள் இரண்டாவதற்கு உதவும். வேதமும் சபை மரபும் மூன்றாவதில் வரும். நம் ஆயர்கள் பலர் நேரே மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள். வசனம் விரல் நுனியில் இருப்பதால் வருகிற பழக்கம் அது. முதல் கேள்வியில் பொறுமையாக உட்காரப் பழகுவதுதான் இந்த ஒரு வருடத் தயாரிப்பு.

அதற்கு அவர் ஒரு நோட்டுப் போடட்டும். வீடு சந்திப்பு முடிந்த இரவே, பார்த்ததையும் கேட்டதையும் தன் கருத்தைக் கலக்காமல் எழுதட்டும். சபையின் அடக்கப் பதிவேட்டையும் புரட்டட்டும், அதுவும் ஓர் ஆவணம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் (மக்களின் கதை, பாட்டு, வழக்கங்களை ஆராயும்) துறை இருக்கிறது. கள ஆய்வில் பழகியவர்கள் அங்கே உண்டு. அனுமதி கேட்டு அவர்களோடு நாலு நாள் பேசினாலே, பேட்டி எடுப்பது எப்படி என்பது பாதி புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஐயர் (ஆயரை ஊரில் அப்படித்தானே அழைப்பார்கள்) வந்து கேட்டால், மாட்டேன் என்று சொல்ல எந்த ஆச்சிக்கும் மனம் வராது. ஜெபத்துக்காக நம்பிச் சொன்ன வீட்டுச் சங்கதி ஆய்வேட்டில் ஏறிவிடக் கூடாது. ஆய்வுக்காகப் பேசுகிற நாளை, ஊழியத்துக்காகப் போகிற நாளோடு கலக்காமல் வைத்து, முதலிலேயே விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். பேரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில், "மகன் துபாயில், வீடு கோயிலுக்குப் பின்னால்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். பக்கத்துச் சேகரத்தில் களத்தை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

தம்பி அரசரடியில் தமிழிலேயே படித்தவர். ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இன்றிலிருந்து வாரம் ஒரு பக்கம் எழுதிப் பழகினால் அந்தத் தயக்கம் போய்விடும்.

அப்புறம், உங்களை உறுத்துகிற பணக் கணக்கு. படிப்பு விடுப்பு உண்டா, எத்தனை வருடம், பாதிச் சம்பளமா முழுச் சம்பளமா, குருமனை யாருக்கு, திரும்பி வந்த பிறகு எங்கே வைப்பார்கள் என்பதைச் சேகரங்களுக்கு மேலான நிர்வாகமாகிய திருமண்டலத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கட்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போய், பாதியில் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மருமகளையும் இந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றப் போவது அவர்தான்.

கிறிஸ்துமஸ் வேலைகள் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தம்பியை வரச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி, எந்த நெறியாளர் என்பதை அதைப் படித்துவிட்டுப் பேசுவோம்.