மலைநாட்டு ஏற்றத்துக்கு எந்தப் பொட்டம் பிரக்கட்?

கேள்வி: தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது ஒரு பழைய ஜப்பான் மவுண்டன் சைக்கிள் வாங்கினேன். இப்போது ஏற்றத்தில் மிதித்தால் 'கடக் கடக்' என்று சத்தம். பொட்டம் பிரக்கட் (பெடல் பூட்டிய கைகளான கிராங்குகளைத் தாங்கிச் சுழலும் அச்சும் பெயாரிங்கும்) போய்விட்டது என்கிறார் ஹட்டனில் சைக்கிள் திருத்துபவர். பழையபடி குண்டு போட்டு கிறீஸ் வைக்கலாம், சீல் செய்த கார்ட்ரிஜ் போடலாம், இல்லாவிட்டால் கிராங்கையும் மாற்றி, பெயாரிங் வெளியே இருக்கிற புது ரகத்துக்குப் போகலாம் என்றும் சொல்கிறார். எது அதிக நாள் உழைக்கும்?
— ஆசிரியர், லிந்துலை

பதில்: சதுர அச்சுள்ள சீல் கார்ட்ரிஜ்ஜைப் போடுங்கள். ஆனால் காசு கொடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். செயினைப் பல்சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பிரக்கட்தான். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் அச்சில் இளகியிருக்கிறது. உடனே இறுக்க வேண்டும். அப்படியே ஓட்டினால் கிராங்கின் சதுரத் துளை தேய்ந்து கிராங்கே வீணாகிவிடும். ஆட்டமும் இல்லை, கையால் சுற்றும்போது கரகரப்பும் இல்லை என்றால் பெடலையும் பல்சக்கர ஆணிகளையும் சீட் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தமெல்லாம் பிரக்கட்டிலிருந்து வருவது போலவே கேட்கும்.

நம் மலையில் பிரக்கட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். சில்லு தெறிக்கும் சேற்றை எல்லோரும் கவனிக்கிறார்கள். சீட் குழாய் இடுக்கு வழியாக மேலிருந்து இறங்கி, பிரக்கட் கூட்டுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. சீட்டைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். துருப்பிடித்த செந்தண்ணீர் வடிந்தால் காரணம் தெரிந்துவிடும். சில பிரேமில் கூட்டின் அடியில் சின்னத் துவாரம் இருக்கும். அதில் சேறு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

குண்டு போட்ட பழைய ரகத்தை மட்டமாகச் சொல்லமாட்டேன். கழற்றிக் கழுவி, புதுக் குண்டும் கிறீஸும் போட்டால் சொற்ப செலவில் மறுபடி ஓடும். அந்த வசதி கார்ட்ரிஜ்ஜில் கிடையாது. ஆனால் குண்டு ரகத்துக்கு முறையான சீல் இல்லை. தண்ணீர் போனால் கிறீஸ் சேறாகி, குண்டு ஓடும் தடத்தையே அரித்துவிடும். மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பார்க்க உங்களுக்கு நேரம் இருக்குமா? கார்ட்ரிஜ்ஜில் அச்சும் பெயாரிங்கும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். பராமரிப்பு ஏதும் தேவையில்லை. தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

அளவில் தவறினால் காசு வீண். பிரேமில் உள்ள பிரக்கட் கூட்டின் அகலம் பெரும்பாலும் 68 மில்லிமீட்டர், சில மவுண்டன் சைக்கிளில் 73. அச்சின் நீளம் 110, 113, 122.5 என்று பல உண்டு. பழைய அச்சை முனைக்கு முனை அளந்து அதே நீளத்தில் கேளுங்கள். குறைந்தால் பல்சக்கரம் பிரேமில் உரசும், கூடினால் செயின் கோணலாக ஓடும்.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிராங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற விடாதீர்கள், அதற்குக் கிராங்க் புல்லர் இருக்கிறது. செயின் பக்கத்து மரை எதிர்ப்புறமாகச் சுற்றும். கழற்ற வேண்டுமானால் கடிகார முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் போட்டுத்தான் பல பிரேம்கள் கெடுகின்றன. மரையில் கிறீஸ் தடவச் சொல்லுங்கள். தடவாவிட்டால் அடுத்த முறை துருப்பிடித்து அசையாது.

வெளிப் பெயாரிங் ரகம், ஷிமானோ ஹொலோடெக் 2 போன்றது, நல்ல சாமான். 24 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாய் அச்சு. கழற்றிப் பூட்டவும் சுலபம். ஆனால் பெயாரிங் சேறு தெறிக்கும் இடத்திலேயே இருக்கிறது. கூட்டின் இரு முகமும் சமமாக இல்லாவிட்டால் சீக்கிரம் தேயும். வாங்கும்போதே அது பூட்டி வந்த சைக்கிள் என்றால் அப்படியே வைத்திருங்கள். உங்கள் பழைய பிரேமுக்காகப் புதுக் கிராங்க் வாங்குவது தேவையில்லாத செலவு.

பில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பிரச்சினை கொடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம், அப்போது அந்தப் பில் வேண்டும்.

கேள்வி: பாவித்த கார்பன் ரேஸ் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. பிரஸ் ஃபிட் பிரக்கட்டாம். வாங்கலாமா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: அதில் மரையே இல்லை. பெயாரிங்கை அழுத்தியே பிரேமுக்குள் இறக்கியிருப்பார்கள். இடைவெளி மயிரிழை பிசகினாலும் மிதிக்கும்போது கிறீச்சிடும். கழற்றவும் ஏற்றவும் தனி ஆயுதம் வேண்டும், சுத்தியலால் அடித்தால் கார்பன் வெடிக்கும் ஆபத்து உண்டு. இந்தத் தொல்லை கம்பனிகளுக்கும் தெரியும். ஸ்பெஷலைஸ்ட் 2020 இல் வெளியிட்ட டார்மாக் எஸ்எல்7 ரேஸ் சைக்கிளில் மரைக்கே திரும்பியது. பக்கத்தில் அந்த ஆயுதம் வைத்திருக்கும் ஆள் இருந்தால், ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துச் சத்தமில்லாமல் இருந்தால், வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள் இன்னும் ஓடுகிறது. அதற்கும் கார்ட்ரிஜ் போடலாமா?
— வாசகி, நானுஓயா

பதில்: கிராங்கைக் கொட்டர் பின் (குறுக்கே செருகி நட்டால் இறுக்கும் ஆப்பு ஆணி) பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின் இருந்தால் மாற்ற வேண்டாம், கிராங்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். குண்டையும் கிறீஸையும் மட்டும் புதுப்பியுங்கள். வழக்கமாகக் கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 11. பழையதையும் புதியதையும் கலக்காமல் முழுவதையும் மாற்றுங்கள். அச்சில் குண்டு ஓடும் தடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டினால் அச்சும் புதிதாக வேண்டும். உங்கள் பக்கம் மே மாதம் மழை பிடிக்குமுன் ஒருமுறை, மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறை திறந்து கிறீஸ் வைத்தால் போதும். கொட்டர் பின்னைக் கழற்றும்போது நட்டை முனைவரை இளக்கி அதன் மேல் தட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்னின் மரை நசுங்கிவிடும்.